கதவைக் கழற்று... காற்றை இறக்கு! ஃபோர்டு காரில் சஹாராவை ஓட்டிப் பார்த்த பேக்னால்ட்

ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. பத்துப் பதினைந்து வருஷப் பழைய லக்ஸுரி எஸ்யூவி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஸ்நார்க்கல் வைத்து, சஸ்பென்ஷனை உயர்த்தி, முன்னாடி வின்ச் பூட்டி, கூரையில் ஆரஞ்சு கலர் பலகை இரண்டைக் கட்டிக்கொண்டு மணல்மேட்டில் ஏறும் வீடியோக்கள். அந்த ஆரஞ்சுப் பலகை சும்மா கெத்துக்கு இல்லைங்க. மணலில் வீல் சுற்றிச் சுற்றித் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும்போது, டயருக்கு முன்னால் சொருகி வண்டியை வெளியே கொண்டுவர உதவும் ரெக்கவரி போர்டு அது.

அந்தப் பலகைக்கு ஒரு தாத்தா உண்டு. 1920-களில் கெய்ரோ நகரத்துக் காயலான் கடை ஒன்றில் கிடந்த இரும்புத் தகடு. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடுவதற்காகச் செய்தது. போர் முடிந்ததும் பழைய இரும்போடு சேர்ந்துவிட்டது. இதைக் கார் டயருக்கு அடியில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்து வாங்கிப் போனவர், ஒரு பிரிட்டிஷ் ராணுவ இன்ஜினீயர். பெயர், ரால்ஃப் பேக்னால்ட்.

டயரில் காற்றை இறக்கு, வண்டியின் கனத்தைக் குறை, மணலில் சடன் பிரேக் போடாதே... இன்றைக்கு ஆஃப் ரோடிங் பயிற்சியில் முதல் நாளே சொல்லித்தரும் விஷயங்களில் பலவற்றை, சொந்தக் காசில், லீவு நாட்களில், உயிரைப் பணயம் வைத்து ஓட்டிப் பார்த்தவர் இந்த மனிதர். இத்தனைக்கும் அவரிடம் இருந்தது 4 வீல் டிரைவ் கிடையாது. பின்சக்கரம் மட்டும் தள்ளும் சாதா ஃபோர்டு!

அகழிச் சேற்றில் இருந்து ஆரம்பம்

பேக்னால்ட் பிறந்தது 1896-ல், இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில். அப்பா ராணுவ இன்ஜினீயர். எகிப்திலும் சூடானிலும் வேலை பார்த்தவர். மெம்ஃபிஸ் நகரில் மண்ணில் குப்புறக் கிடந்த ராம்சேஸ் மன்னனின் பிரமாண்டச் சிலையை 1887-ல் மேலே தூக்கியவர் அந்த அப்பாதான். அக்கா ஈனிட் பேக்னால்ட் பெரிய எழுத்தாளர். எலிசபெத் டெய்லர் சின்னப் பெண்ணாக நடித்த 'நேஷனல் வெல்வெட்' படம், இந்த அக்கா எழுதிய நாவல்தான்.

பையன் 1915-ல் ராணுவத்தில் சேர்ந்தார். பிரான்ஸில் மூன்று வருஷம். சோம், ஈப்ர, பாஷன்டேல் என்று முதல் உலகப் போரின் மிக மோசமான சேற்றுக்களங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, உயிரோடு திரும்பி, கேம்பிரிட்ஜில் இன்ஜினீயரிங் படித்தார். மறுபடியும் ராணுவம். 1926-ல் கெய்ரோவுக்குப் போஸ்டிங்.

அன்றைய கெய்ரோவில் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குப் பொழுதுபோக்குக்குப் பஞ்சமே இல்லை. போலோ, கிளப், டான்ஸ், குடி. பேக்னால்டுக்கு இதெல்லாம் ஒட்டவில்லை. நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஃபோர்டு மாடல் டி வாங்கினார். 20 குதிரைசக்தி, முன்னோக்கிப் போக இரண்டே கியர். இன்றைய 150 சிசி பைக் ஒன்றின் சக்தியைவிடக் கொஞ்சம்தான் கூட. இதை வைத்துக்கொண்டு லீவு கிடைக்கும்போதெல்லாம் சினாய்க்கும், லிபிய எல்லையோரம் இருக்கும் சிவா பாலைவனச்சோலைக்கும் போய்வர ஆரம்பித்தார்கள்.

ரோல்ஸ்ராய்ஸ் ஓடிய மணல்

பாலைவனத்தில் கார் ஓட்டிய முதல் ஆள் பேக்னால்ட் இல்லை. அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

முதல் உலகப் போரிலேயே இங்கு ரோல்ஸ்ராய்ஸ் ஓடியிருக்கிறது. சில்வர் கோஸ்ட் காரின் சேஸி மேல் இரும்புக் கவசத்தைப் பூட்டி, மேலே மெஷின் கன் வைத்து மாற்றியமைத்த வண்டிகள். 1916 மார்ச்சில், வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு தலைமையில் போன அந்தக் கார்கள்தான், லிபியாவின் பிர் ஹகீம் என்ற கிணற்றோரம் சிறைப்பட்டுப் பட்டினி கிடந்த சுமார் 90 கப்பல் பணியாளர்களை மீட்டுவந்தன. லக்ஸுரி காரை ஆஃப் ரோடுக்கு மாற்றுவது நம்ம காலத்து ட்ரெண்டு என்று நினைத்திருந்தால், நூறு வருஷத்துக்கு மேல் பின்னாடி போகணும்!

ஆனால், அந்தக் கார்கள் ஓடியது பெரும்பாலும் கெட்டியான சரளைத் தரையில். அலை அலையாக எழும்பி நிற்கும் மணல்மேடுகள் பக்கம் அவை போகவில்லை. அதே காலத்தில் பிரிட்டிஷ் ரோந்துப் படையினர் மாடல் டி ஃபோர்டுகளில் எல்லையைச் சுற்றிவந்தார்கள். பேக்னால்டின் யுக்திகளில் சிலவற்றுக்கு விதை போட்டவர்கள் அவர்களும், எகிப்தின் பாலைவன சர்வே துறையைச் சேர்ந்த ஜான் பாலும்தான். எகிப்து இளவரசர் கெமால் எல் தீன் இன்னொரு வழியில் போனார். பின்சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை ஓடும் சித்ரோவன் வண்டிகள், பின்னால் பெரிய சப்ளை அணி என்று செல்வத்தை இறைத்துப் பாலைவனத்துக்குள் புகுந்தார். கில்ஃப் கெபீர் என்ற பீடபூமிக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான்.

பேக்னால்ட் கேட்டுக்கொண்டது நேரெதிர்க் கேள்வி. எதைச் சேர்க்கலாம் என்பதல்ல... எதையெல்லாம் கழற்றிப் போடலாம்?

ரேடியேட்டர் குடிக்கிற தண்ணீர்

1927 கடைசியில் மாடல் ஏ ஃபோர்டு வந்தது. 40 குதிரைசக்தி, மூன்று கியர். பேக்னால்டின் அடுத்த பெரிய பயணங்களுக்கு இதுதான் வண்டி. இதில் அவர் பண்ணிய வேலைகளைப் பாருங்க.

முதலில் எடை. தேவையில்லாத பாடி, முன்கண்ணாடி எல்லாம் போச்சு. பின்னாடி மரப்பெட்டி மாதிரி ஒரு பாடி. ஒவ்வொரு கிலோவும் கணக்கு. ஏனென்றால், ஒரு கிலோ தகரத்தைக் கழற்றினால் ஒரு கிலோ தண்ணீரோ பெட்ரோலோ ஏற்றலாம். வழியில் பங்க் கிடையாது, கிணறு கிடையாது.

அடுத்து டயர். காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகி, தரையைத் தொடும் பரப்பு நீளமாகும். அதே எடை அதிக இடத்தில் பரவுவதால், வண்டி மணலுக்குள் இறங்காமல் மேலேயே மிதந்த மாதிரி போகும். ஒட்டகத்தின் பாதம் செய்வதும் இதைத்தான்.

அவருடைய மாற்றங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது ரேடியேட்டர் சமாச்சாரம். அந்தக் காலத்துக் கார்களில் தண்ணீர் கொதித்தால் ஆவி வெளியே போய்விடும். அவ்வளவுதான். மறுபடியும் ஊற்றணும். லோ கியரில் மணலை உழுதுகொண்டு போகும்போது, காற்றும் பின்னாலிருந்து அடித்தால், ரேடியேட்டர் லிட்டர் லிட்டராகக் குடிக்கும். அது குடிப்பது யாருடைய தண்ணீர்? டிரைவர் குடிக்கவேண்டிய தண்ணீர்!

இதற்கு அவர் பயன்படுத்திய ஏற்பாடு ரொம்ப சிம்பிள். ரேடியேட்டர் மூடியைக் காற்றுப் புகாமல் இறுக்கு. ஆவி வெளியேறும் குழாயில் ஒரு ரப்பர் டியூப் மாட்டி, ஃபுட்போர்டில் பாதி தண்ணீரோடு இருக்கும் ஒரு டின்னுக்குள் விடு. கொதித்துவரும் ஆவி அந்தத் தண்ணீரில் பட்டு மறுபடியும் தண்ணீராகிவிடும். டின்னும் கொதிக்க ஆரம்பித்தால், சுடுதண்ணீர் டிரைவர் மேல் தெறிக்கும். அதுதான் வார்னிங் லைட்! உடனே வண்டியைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்தணும். ஒரு நிமிஷம் போல ஆகும். ரேடியேட்டர் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, டின்னில் இருக்கும் தண்ணீரை களக் களக் என்று தானே உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். ஒரு சொட்டு வீணில்லை. உங்க வீட்டு கார் பானெட்டைத் திறந்து பாருங்க... ரேடியேட்டரோடு டியூபில் இணைந்து பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கும். அதிலும் வேலை செய்வது கிட்டத்தட்ட இதே தத்துவம்தான்.

அப்புறம் திசை. காந்தத் திசைகாட்டியை இரும்பு வண்டிக்குள் வைத்தால் முள் குழம்பும். அதிலும் பெட்ரோல் டின்கள் காலியாகக் காலியாகக் குழப்பமும் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி, இறங்கி, தூரமாக நடந்துபோய்ப் பார்க்கணும். அதனால், அவர் சூரியத் திசைகாட்டி ஒன்றைச் செய்துகொண்டார். டிகிரி குறித்த வட்டத்தட்டு, நடுவே ஓர் ஊசி. அந்த நேரத்துக்கு ஊசியின் நிழல் எந்தக் கோட்டில் விழவேண்டுமோ, அதே கோட்டில் விழும்படி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே போகணும். ஓடும் வண்டியிலேயே வேலை நடக்கும். ராத்திரி, நட்சத்திரங்களை அளந்து இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுச் சரிபார்ப்பார்கள். திசையில் 2 டிகிரி தப்பினால், 100 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது மூன்றரை கிலோமீட்டர் விலகிப்போயிருப்பீங்க. நாம் தேடிப் போவது மணலில் முன்னதாகவே இறக்கிவைத்த பெட்ரோல் டின்கள் என்றால், அந்த மூன்றரை கிலோமீட்டர்தான் உயிர்.

மஞ்சள் சுவர்

எகிப்துக்கும் லிபியாவுக்கும் நடுவே ஒரு பெரிய மணற்கடல் இருக்கிறது. பெயரே அதுதான். பரப்பு சுமார் 72,000 சதுர கிலோமீட்டர்; நம்ம தமிழ்நாட்டில் பாதிக்கும் கொஞ்சம் மேலே. சில இடங்களில் 100 மீட்டர் உயரத்துக்கு எழும்பும் மணல்மேடுகள், வரிசை வரிசையாக வடக்கு தெற்காக ஓடும். 1874-ல் கெர்ஹார்ட் ரோல்ஃப்ஸ் என்ற ஜெர்மானியர் ஒட்டகங்களோடு மேற்கே கடக்கப் பார்த்தார். முடியவில்லை. மேடுகளுக்கு இணையாக வடக்கே திரும்பி சிவாவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஒட்டகமே திணறிய இடத்தில் காருக்கு என்ன வேலை? அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

பேக்னால்டுக்கு அப்போது இந்தியாவில் வேலை. அங்கிருந்தே கடிதம் எழுதி நண்பர்களைத் திரட்டி, லீவைச் சேர்த்துவைத்துக்கொண்டு, 1929-ல் எகிப்துக்கு வந்தார்.

அந்த முதல் மேட்டை அவர் ஏறியதை நீங்க டிரைவர் சீட்டில் உட்கார்ந்து யோசிச்சுப் பாருங்க. மதிய வெயில். எதிரே நிழலே இல்லாத மஞ்சள் சுவர். சரிவு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு செங்குத்து என்று கண்ணுக்கே பிடிபடாது. மெதுவாகப் போனால் அடிவாரத்திலேயே புதைவீங்க. அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். மணிக்கு 40 மைல், அதாவது சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சுவரை நோக்கிப் போனார். மோதப்போகிறோம் என்று தோன்றிய நொடியில் முன்பக்கம் மேலே தூக்கியது. குலுக்கல் இல்லை, அதிர்வு இல்லை. லிஃப்டில் போவது மாதிரி வண்டி வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. வேகமெல்லாம் தீர்ந்து நின்றபோது, அவர்கள் மேட்டின் உச்சியில் இருந்தார்கள். இறங்கிப் பார்த்தால், சக்கரத்தின் தடம் அரை அங்குலம்கூட இறங்கியிருக்கவில்லை என்று சொல்லுமளவுக்கு மணல் கெட்டி.

இதில் மேஜிக் எதுவும் இல்லை. காற்று அடிக்கும் பக்கத்துச் சரிவில் மணல்துகள்கள் நெருக்கமாக அடைந்து கெட்டிப்படும். எதிர்ப்பக்கம் சும்மா உருண்டு விழுந்த மணல். சுமார் 33 டிகிரி செங்குத்து, காலை வைத்தாலே இறங்கும். கெட்டி மணலுக்கு நடுவிலும் அங்கங்கே பொதபொதவென்று குட்டை மாதிரி இளகிய இடங்கள் இருக்கும். பார்க்க எல்லாம் ஒரே மஞ்சள்தான். எது எது என்று படிக்கத் தெரிந்தவனுக்கு வழி; தெரியாதவனுக்குக் குழி.

உச்சியில் நிறுத்தத் தெரியாவிட்டால் வண்டி மறுபக்கம் பறக்கும். பின்னாளில் போர்க்காலத்தில் இப்படிக் கத்தி மாதிரி இருக்கும் உச்சியைத் தாண்டிப் போய் விழுந்து எலும்பு முறிந்தவர்கள் உண்டு. வீடியோவில் மணல்மேட்டு ஜம்ப் பார்த்து உங்களுக்கும் கை அரித்தால், இதை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.

1930-ல் மறுபடியும் வந்தார்கள். 1932-ல் எட்டுப் பேர், நான்கு கார்கள், சுமார் 6,000 மைல் பயணம்! அதில் பெரும்பகுதி வரைபடத்தில் வெறும் வெள்ளைத்தாளாக இருந்த இடம். இதற்கு முன்பே, 1930 பயணத்தில், சூடானின் வாடி ஹல்ஃபாவில் உட்கார்ந்து 'ஜெர்ஜூரா கிளப்' என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். ஜெர்ஜூரா என்பது பாலைவனத்தில் தொலைந்துபோனதாகக் கதைகள் சொல்லும் ஒரு சோலை. அது கடைசிவரை இவர்கள் கண்ணில் படவில்லை. 1934-ல் லண்டன் ராயல் ஜியோகிராஃபிகல் சொசைட்டி பேக்னால்டுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

அந்த வெள்ளைத்தாளில் மனிதர்கள் இருந்தார்கள்

இதையெல்லாம் சாகசக் கதையாக மட்டும் படித்துவிட்டுப் போனால் ஒன்று விடுபட்டுவிடும். ஐரோப்பியர்களின் மேப்பில்தான் அது காலி இடம். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது வீடு.

1931 ஜனவரியில், லிபியாவின் குஃப்ரா சோலையை இத்தாலிய ராணுவம் பிடித்தது. விமானத்திலிருந்து சுட்டார்கள். குடும்பம் குடும்பமாக மக்கள் பாலைவனத்துக்குள் ஓடினார்கள். தெற்கே உவெய்னாட் மலைக்கு வந்தால் அங்கே மழை பொய்த்து மேய்ச்சல் இல்லை. அங்கிருந்து எகிப்தின் தாக்லா சோலையை நோக்கி, 300 மைலுக்கு மேல், நடுவில் ஒரு கிணறுகூட இல்லாத வழியில் நடந்தார்கள். வழியெங்கும் செத்து விழுந்தார்கள்.

அப்போது அந்தப் பக்கம் சர்வே வேலையில் இருந்தவர் பேட் கிளேட்டன். எகிப்து பாலைவன சர்வே துறைக்காரர். பிற்பாடு பேக்னால்டின் படையில் சேர்ந்தவர். தன் ஃபோர்டு வண்டிகளை வைத்துக்கொண்டு மணலில் சிதறிக் கிடந்தவர்களைத் தேடித் தேடி ஏற்றிக்கொண்டு வந்தார். மணலில் கார் ஓட்டத் தெரிந்திருப்பது ஒரு பொழுதுபோக்காக இருந்த அதே வருஷங்களில், பலருக்கு அது உயிர் பிழைப்பதற்கும் சாவதற்கும் நடுவிலான வித்தியாசமாகவும் இருந்தது.

மணலை லேபுக்குக் கொண்டுவந்தவர்

1935-ல் ராணுவத்திலிருந்து ஓய்வு. வயது 39. பயணங்களைப் பற்றி 'லிபியன் சாண்ட்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். ஆனால், அவரை ஒரு கேள்வி விடவில்லை. மணல் வெறும் துகள். காற்றில் பறந்து ஊரெல்லாம் பரவிப்போகாமல், ஏன் ஒன்றுசேர்ந்து மேடாகிறது? அந்த மேடு எப்படித் தன் உருவம் கலையாமல் மைல் கணக்கில் நகர்கிறது?

லண்டன் இம்பீரியல் காலேஜில் தன் கையாலேயே பலகைகளை வைத்து ஒரு காற்றுக்குகை கட்டினார். உள்ளே மணலைப் போட்டு, காற்றை விட்டு, துகள் துகளாகப் பார்த்தார். மெரினாவில் காற்று பலமாக அடிக்கும்போது நிற்கிறீங்க... முகத்தில் எதுவும் படாது, ஆனால் கணுக்காலில் மட்டும் ஊசி ஊசியாகக் குத்தும் இல்லையா? மணல் தூசி மாதிரி மிதப்பதில்லை, துள்ளுகிறது. ஒரு துகள் எம்பி, காற்றின் வேகத்தை வாங்கிக்கொண்டு விழுந்து, இன்னும் சில துகள்களை எழுப்பிவிடும். கெட்டித் தரையில் நல்லாத் துள்ளும். ஏற்கெனவே மணல் இருக்கும் இடத்தில் விழுந்தால் வேகம் செத்து அங்கேயே தங்கிவிடும். அதனால்தான் மணல் இருக்கும் இடத்திலேயே மணல் சேர்கிறது. இதை அவர் கணக்காகவே எழுதினார். லேபில் வந்த கணக்கு நிஜத்தில் சரியா என்று பார்க்க, 1938-ல் லிபியப் பாலைவனத்துக்கே திரும்பப் போய் மணற்புயலில் அளந்து பார்த்தார். 1941-ல் வந்த அந்தப் புத்தகம் இன்றைக்கும் இந்தத் துறையில் ஆரம்பப் பாடம்.

டெஸ்ட் பண்ணாமல் எதையும் நம்பாத ஆள். காரிலும் சரி, கணக்கிலும் சரி.

ஆறு வாரத்தில் ஒரு படை

1939-ல் போர். ஓய்வில் இருந்தவரை மறுபடியும் கூப்பிட்டு, கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். பாலைவனம் தெரிந்த ஒரே ஆளைப் பாலைவனத்துக்கு அனுப்பாமல் வேறெங்கோ அனுப்புவது எந்த நாட்டு ஆபீஸுக்கும் புதுசில்லை. ஆனால், வழியில் மத்தியதரைக் கடலில் கப்பல் இன்னொரு கப்பலோடு மோத, ரிப்பேருக்காக எகிப்தின் போர்ட் சையதில் நின்றது. நேரம் இருக்கிறதே என்று நண்பர்களைப் பார்க்க கெய்ரோவுக்கு ரயில் ஏறினார் பேக்னால்ட். அவர் ஊரில் இருக்கும் செய்தி பேப்பரில் வந்தது. மத்தியக் கிழக்குத் தளபதி வேவல் அதைப் பார்த்துவிட்டு அவரை அங்கேயே நிறுத்திக்கொண்டார். ஆமாம், பின்னாளில் இந்தியாவின் வைஸ்ராயாக வந்த அதே வேவல்தான்.

1940 ஜூனில் இத்தாலியும் போரில் குதித்தது. லிபியாவில் பெரிய இத்தாலியப் படை. அவர்களின் தெற்குப் பக்கம் முழுக்க மணல். அந்த வழியே யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை. அந்த வழியேதான் வருவோம் என்று திட்டம் கொடுத்தார் பேக்னால்ட். வேவல் கொடுத்த அவகாசம் ஆறே வாரம்.

பழைய நண்பர்களை ஊர் ஊராகத் தேடிக் கூப்பிட்டார். நியூசிலாந்து வீரர்கள் முன்வந்தார்கள்; பண்ணைகளில் மெஷின் ஓட்டிப் பழகியவர்கள் அவர்களில் பலர். அலெக்ஸாண்ட்ரியா டீலரிடம் 14 செவர்லே டிரக்குகள் வாங்கினார். எகிப்து ராணுவத்திடம் 19 கடன் வாங்கினார். கதவு போச்சு, கூரை போச்சு, முன்கண்ணாடி போச்சு. ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள், ரேடியேட்டருக்கு அதே டின், பக்கவாட்டில் அதே இரும்புத் தகடு, டிரைவர் முன்னால் அதே சூரியத் திசைகாட்டி. பத்து வருஷத்துக்கு முன்னால் லீவில் ஓட்டிப் பார்த்த லிஸ்ட் அப்படியே! லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப் என்று வரலாற்றில் நின்ற படை இதுதான்.

நம்ம எஸ்யூவி ரசிகர்கள் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று. 1941-ல் இந்தப் படைக்கு 4 வீல் டிரைவ் ஃபோர்டு டிரக்குகள் வந்தன. பேப்பரில் பார்த்தால் அப்கிரேடு. நிஜத்தில், கனம் அதிகம், பெட்ரோலை அள்ளிக் குடித்தன. ஆயிரம் மைலுக்கான பெட்ரோலையும் தானே சுமந்துகொண்டு போகவேண்டிய வண்டிக்கு அது பெரிய குறை. 1942-ல் மறுபடியும் 2 வீல் டிரைவ் செவர்லேக்கே திரும்பினார்கள்.

1941 ஜனவரியில், கெய்ரோவிலிருந்து ஆயிரம் மைலுக்கும் அப்பால் இருந்த முர்ஸுக் கோட்டையை, சாட் நாட்டிலிருந்து வந்த பிரெஞ்சு வீரர்களோடு சேர்ந்து தாக்கினார்கள். விமானத்தளம் எரிந்தது. ஆனால், அதே மாதக் கடைசியில் ஒரு மோதலில் கிளேட்டன் காயம்பட்டு இத்தாலியர்களிடம் சிக்கினார். குஃப்ரா அகதிகளைக் காப்பாற்றிய அதே கிளேட்டன். அந்த வருஷம் ஆகஸ்டில் பேக்னால்ட் படைப்பொறுப்பை நண்பர் பிரெண்டர்காஸ்டிடம் கொடுத்துவிட்டு கெய்ரோ தலைமையகத்துக்குப் போனார்.

எதிரணியிலும் ஒரு ஆள் இருந்தார். ஹங்கேரிக்காரர் அல்மாஷி. போருக்கு முன்னால் இதே மணலில் கார் ஓட்டிய, இதே பாலைவனப் பித்தர்கள் வட்டாரத்து ஆள். 1942-ல் ஜெர்மானியர்களுக்காக, கைப்பற்றிய பிரிட்டிஷ் தரப்பு டிரக்குகளிலேயே இரண்டு உளவாளிகளை ஏற்றிக்கொண்டு, லிபியாவிலிருந்து மணலைச் சுற்றி நைல் நதிக்கரை வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பினார். கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி எழுதி, ஆஸ்கர்களை அள்ளிய படமாக வந்த 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' இந்த அல்மாஷியை வைத்துப் பின்னிய கற்பனை. லீவு நாட்களில் கண்டுபிடித்த வழிகள் இரண்டு ராணுவங்களுக்கும் பயன்பட்டன. மணலுக்கு எந்தக் கொடியும் தெரியாதே!

கடைசி டெஸ்ட் டிரைவ்

1944-ல், போர் முடிவதற்கு முன்பே, பேக்னால்ட் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார். ராணுவ சாகசத்துக்காக இல்லை, மணல் ஆராய்ச்சிக்காக. 50 வயதில் கல்யாணம், இரண்டு குழந்தைகள். அப்புறம் ஆற்றுநீர் எப்படி மணலைச் சுமக்கிறது என்று பல வருஷ ஆராய்ச்சி. 1977-ல், 81 வயதில், பூமியின் பாலைவனங்களையும் செவ்வாய் கிரகத்தின் பாலைவனங்களையும் ஒப்பிட நாசா நடத்திய மாநாட்டில் அவர்தான் முக்கியப் பேச்சாளர். 1990 மே மாதம், 94 வயதில் இறந்தார்.

செவ்வாயில் கேல் என்ற பெரும்பள்ளத்துக்குள், ஒரு மலையடிவாரத்தில், கறுப்பாக ஒரு மணல்மேட்டு வரிசை இருக்கிறது. அதற்குப் பேக்னால்ட் மணல்மேடுகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவை பூமிக் கணக்கில் வருஷத்துக்கு ஒரு மீட்டர் வரை நகர்கின்றன. 2015 கடைசியில், நாசாவின் கியூரியாசிட்டி ரோவர் அங்கே போய்ச் சேர்ந்தது. ஆறு சக்கரம், ஆறும் மோட்டாரில் ஓடுபவை. ஆனாலும், நேராக மேலே ஏறிவிடவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால்தான் ஸ்பிரிட் என்ற இன்னொரு ரோவர் இளகிய மணலில் மாட்டி, வெளியே வரவே முடியாமல் அங்கேயே முடிந்துபோயிருந்தது. அங்கே டயருக்கு அடியில் தகடு வைக்க ஆள் இல்லை.

அதனால், கியூரியாசிட்டி மேட்டின் ஓரத்தில் ஒரு சக்கரத்தால் மணலைக் கொஞ்சம் கீறியது. பின்னால் வந்து, அந்தத் தடத்தைப் படமெடுத்தது. சக்கரம் எவ்வளவு இறங்கியது, ஓரம் சரிகிறதா, உள்ளே மணலின் நிறம் என்ன என்று பூமியில் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்த மேடுகளின் மேல், சுமார் மூன்று மீட்டர் இடைவெளியில், பூமியின் எந்த மணல்மேட்டிலும் பார்த்திராத ஒரு வகை வரிகள் ஓடிக்கொண்டிருந்தன.